மாமனார் வேட்டியில் ஒரு மலை

நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இருக்கிற ஆண்பிள்ளை, எதைக் கேட்டாலும் "தெரியும்" என்றுதான் சொல்வான். நீச்சல் தெரியுமா? தெரியும். சமையல்? ஓ, தெரியுமே. (தெரியாது என்று சொல்கிற தைரியம் கல்யாணத்துக்குப் பிறகு தானாக வந்துவிடும்.) "உங்களுக்குப் பெயின்டிங் வருமா?" என்று உமா போனில் கேட்டபோது நானும் அப்படித்தான் அளந்துவிட்டேன்.

உமாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். கை எம்பிராய்டரியில் கெட்டிக்காரி. அவள் அப்பா கட்டிய புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஹாலில் மாட்ட ஒரு படம் தைக்க ஆசைப்பட்டாள். வானத்தையும் மலையையும் துணியிலேயே பெயின்டால் லேசாகத் தீட்டிவிட்டால், மேலே மரமும் பூவும் மட்டும் நூலில் போட்டால் போதும். "வானம் பூராவும் ஊசியால ரொப்புனா நம்ம பேரன் காதுகுத்துக்குத்தான் முடியும்" என்றாள். (பேரன் என்றதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.)

துணி என் பொறுப்பு. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் இருக்கிறேன். துணியைத் தண்ணீரில் போட்டு, அது சட்டென்று உறிஞ்சி மூழ்குகிறதா என்று பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம். அப்பேர்ப்பட்ட நான், இருப்பதிலேயே வேகமாக மூழ்குகிற முதல்தரத் துணியாகப் பார்த்து வாங்கிக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

வருங்கால மாமனார் பட்டாளத்தில் இருந்தவர். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பெண்ணுக்கு என்னைப் பிடித்துவிட்டது. அவருக்கு இன்னும் சந்தேகம்தான். நல்லவேளை, நான் போனபோது அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்.

துணிக்கு அடியில் மெத்தென்று எதையாவது விரிக்க வேண்டும். நாற்காலியில் மடிப்பாக ஒரு வெள்ளைத் துணி கிடந்தது. வெள்ளையாக எதைப் பார்த்தாலும் எனக்குக் கம்பெனிச் சரக்காகத்தான் தெரியும். உமா பிரஷ் எடுக்க உள்ளே போயிருந்தாள்; நானே எடுத்து விரித்தேன். தண்ணீர் கலந்த பெயின்டைத் தொட்டு வைத்தேன், துணி மடக்கென்று குடித்தது. கலர் பத்தவில்லையே என்று மேலும் மேலும் ஊட்டினேன். ஃபேன் காற்றில் காயவிட்டு, மேலே தாளைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்திக்கொண்டிருக்கும்போது மாமனார் வந்துவிட்டார்.

"என்ன மாப்பிள்ள, துவைச்சா போயிராதா?"

"இஸ்திரி போட்டுட்டா ஆயுசுக்கும் போகாது மாமா!"

முதல் தடவையாக என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். உமா டீ போட உள்ளே போனாள். நான் துணியைத் தூக்கினேன்.

துணியில் வெளிறிய பச்சைக் கறை. அடியில், சரிகைக்கரை போட்ட புது வேட்டியில், மலை கம்பீரமாக நின்றது. கல்யாணம் நின்றுபோனால் உமா முகத்தில் எப்படி முழிப்பேன்? மலை உள்ளே போகும்படி மடித்து, நாற்காலியிலேயே வைத்துவிட்டேன்.

குளித்து வந்த மாமனார் அதையேதான் கட்டினார். மலை கச்சிதமாகப் பின்பக்கம் போய் உட்கார்ந்தது.

"வத்திராப்புல சிநேகிதர் வீட்டு ரிசப்ஷன். போயிட்டு வாரேன். இருந்து சாப்பிட்டுப் போங்க மாப்பிள்ள."

டீயோடு வந்த உமா, தெருமுனையில் திரும்புகிற அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, அப்பா பின்னால என்னமோ மலை போகுது?"

உடனே போன் போட்டோம். பீரோ மேல் மணி அடித்தது. "அவிய என்னைக்குப் போனை எடுத்துட்டுப் போயிருக்காவ?" என்றார் உமாவின் அம்மா. ஓடிவிடலாம் என்று பார்த்தால், உமா பைக் சாவியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் திரும்பிய மாமனார் நேராக என் முன்னால் வந்து, முதுகைக் காட்டி நின்றார்.

"இது எந்த மலை?"

"செண்பகத்தோப்பு மலை... மாமா."

"பாதிப் பேரு அதத்தான் சொன்னான். மீதிப் பேரு பிளவக்கல் பக்கம்னு சாதிச்சான். எம்புட்டு நேரம் என்னைத் திருப்பித் திருப்பி நிக்க வச்சாங்க தெரியுமா?"

நான் பைக் சாவி எங்கே என்று கண்ணால் தேடினேன்.

"அம்புட்டுப் பேரு முன்னாலயும் எங்க மாப்பிள்ள வரைஞ்சதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இனிமே ஆளை மாத்தவா முடியும்?"

போன உயிர் திரும்பி வந்தது. கதவுக்குப் பின்னால் உமா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

பேண்டேஜ் துணியைவிட வேட்டியில் மலை நன்றாக விழுந்திருந்ததால், அந்தப் பாகத்தை வெட்டி உமா அதன்மேலேயே தைத்தாள். இன்றைக்கும் அவர்கள் ஹாலில் அதுதான் தொங்குகிறது. ஆனால் மாமனார் என்னைப் புகழ்ந்தது வத்திராப்போடு சரி. இப்போது யார் வந்து கேட்டாலும் நான் இருக்கும்போதே சத்தமாகச் சொல்வார்:

"தையல் எம் மக. வேட்டி என்னோடது."

"அப்போ மாப்பிள்ள?"

"அவரு இஸ்திரி போட்டாரு."