கிளைக்குக் கீழே ஒரு மறியல்

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காள் கணவர் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். இத்தனை மரியாதையைப் பார்த்ததுமே ஏதோ உதவி கேட்கப் போகிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். ஆமாம். உன் அலுவலகத்தில் காலியாக இருக்கும் நாற்காலியை என் மகளுக்காகப் பிடித்து வை. திங்கட்கிழமை எப்பாடு பட்டாவது அனுப்பி வைக்கிறேன்.

உன் மருமகள் மரம் ஏறுகிறாள். சின்ன வயதில் ஏறியதைச் சொல்லவில்லை. இப்போது, உத்தியோகமாக! முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுபோக்குக்கு மரம் ஏறும் ஒரு கூட்டத்தோடு சேர்ந்தாள். தலையில் கவசம், இடுப்பில் பட்டை, கயிற்றைப் பிடித்து மேலே போய் ஒரு கிளையில் உட்கார்ந்துவிட்டு இறங்கி வருவார்கள். எதையும் பறிப்பதுகூடக் கிடையாது, சும்மா. போனால் போகிறது என்று விட்டேன், வினையாகிவிட்டது. வங்கி வேலையை உதறிவிட்டு, கூரையில் உரசுகிற கிளைகளை வெட்டிக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டாள். பல்பு மாட்ட நான் ஸ்டூல் மேல் ஏறினால் உன் அக்காள் ஸ்டூலையும் பிடிக்க வேண்டும், என்னையும் பிடிக்க வேண்டும். எனக்கு இப்படி ஒரு பெண்! "ஒரே ஒரு தடவை சரின்னு சொல்லுங்களேன், வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?" என்று உன் அக்காள் தினமும் என்னைப் பிடுங்கி எடுக்கிறாள். நானா சொல்வேன்?

நேற்று மகளைக் கையோடு கூட்டி வரலாம் என்று வேலை நடக்கும் வீட்டுக்கே போனேன். அங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். வெட்டுவதற்கு முன் மேலே இருப்பவர் "கிளை வருது!" என்று கூவ வேண்டும். கீழே நிற்கும் ஒவ்வொருவரும் வாய்விட்டு "சரி" சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும் ரம்பம் ஓடாது. அவள் கூவினாள். கயிறு பிடிப்பவர் சரி என்றார். வீட்டுக்காரம்மா வாசலில் நின்று சரி என்றார். நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

"அப்பா, சரி சொல்லுங்க."

"முதல்ல நீ இறங்கு. மாமா ஆபீஸ்ல ஃபேனுக்கு நேர் கீழ நாற்காலி இருக்கு."

"இங்க காத்தே வருதுப்பா."

"ஐயா, உங்க குடும்பச் சண்டையில என் ஓடு உடைஞ்சிடப் போகுது" என்றார் வீட்டுக்காரம்மா. நான் அசையவில்லை. எத்தனையோ வருஷமாகக் கிடங்கு மேற்பார்வை பார்த்தவன், லாரிகளையே நிறுத்தி வைத்தவன், இந்தக் கிளை எம்மாத்திரம்? உன் மருமகளும் லேசுப்பட்டவள் இல்லை. ரம்பத்தை மாட்டிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள். வங்கிக்குப் போன நாளில் நின்றுகொண்டே அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவாள், பாதி சாப்பாடு திரும்பி வரும். மரத்திலோ காலை ஆட்டிக்கொண்டு, ஒவ்வொரு வாயாக ரசித்து, டப்பாவை வழித்துச் சாப்பிட்டாள். அண்ணாந்து பார்த்ததில் என் கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிட்டு முடித்து மறுபடி "கிளை வருது!" என்றாள். என் வாய் என்னைக் கேட்காமலே "சரி" என்றது. கிளை கயிற்றில் மெல்ல இறங்கியது, கூரை ஓடு ஒன்றின் மேல்கூடப் படவில்லை. "யாரு பெத்த பொண்ணோ!" என்றார் வீட்டுக்காரம்மா. "நான்தான்" என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்?

இருந்தாலும் ஒரு சந்தோஷத்துக்காகக் கொள்கையை விட முடியுமா? நாற்காலியைப் பிடித்து வை. நீயும் அவளிடம் கண்டிப்பாகப் பேசு. குழந்தைகளுக்கு என் ஆசிகள், தங்கச்சிக்கு என் அன்பு. கழுத்துக்கு நல்ல தைலம் இருந்தால் சொல்லி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது, இதை மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கயிறு பிடிப்பவருக்குத் துணையாகக் கீழே நின்று வருகிற போகிறவர்களை விலக்கி நிறுத்த ஓர் ஆள் தேவையாம். திங்கட்கிழமை முதல் நான் போகிறேன். மஞ்சள் தலைக்கவசம் கொடுத்திருக்கிறார்கள், எடுப்பாகவே இருக்கிறது. நாற்காலியை வேறு யாருக்காவது கொடு. இன்னொன்று, உன் அக்காளும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சேர்ந்து, இன்றைக்கே முதலாவது கிளை வரை ஏறிவிட்டாள். இறங்கச் சொன்னால், நான் சரி சொல்வது மேலே நன்றாகக் கேட்கிறதாம், இன்னொரு தடவை சொன்னால்தான் இறங்குவாளாம். சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.