தோப்புக்கரணம் ஜெயித்த கதை

உடற்பயிற்சி பற்றி யாராவது என்னிடம் பேச வந்தால் எனக்குக் கோபம் வரும். இதயத்துக்கு நடப்பது நல்லதா, கயிறு தாண்டுவது நல்லதா என்று என் மருமகன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பேசுவான். நான் எழுந்து போய்விடுவேன். அந்த ஆராய்ச்சியை எண்பதுகளிலேயே ஓசூரில் செய்து முடித்து, மானத்தையும் இழந்தவன் நான்.

அப்போது ஒரு பவுண்டரியில் வேலை. இரும்பை உருக்கி அச்சில் ஊற்ற வேண்டும். வருஷக்கணக்காகக் கேஷுவல். (தீக்கு முன்னால் நிற்க நாங்கள், போனஸ் வாங்க வேறு ஆட்கள்.) வாடகை அறையில் என்னோடு அதே பவுண்டரி ஆட்கள் இரண்டு பேர். ஒருவன் பேச்சிமுத்து, திருநெல்வேலிக்காரன். இன்னொருவன் முனிராஜு, கெலவரப்பள்ளி அணைப் பக்கத்து ஊர், வீட்டில் கன்னடம். அவன் அப்பாவின் கேழ்வரகு நிலத்தின் மேல்தான் எங்கள் பேக்டரி நின்றது. நிலத்தை எடுத்தபோது வீட்டுக்கு ஒரு வேலை என்று எவனோ வாயால் சொன்னானாம். அந்த வாயை முனிராஜு வீட்டில் அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

ஒருநாள் எங்கள் மூவரையும் பர்மனெண்ட் ஆக்கப் போவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் மெடிக்கல் டெஸ்ட். ஒரு பெட்டி டக்டக்கென்று அடிக்கும். அந்தத் தாளத்துக்குப் பெஞ்சில் ஏறி ஏறி இறங்க வேண்டும். நிறுத்தியதும் நாடித் துடிப்பு சீக்கிரம் அடங்க வேண்டும்.

"அடங்கலைன்னா?" என்று டைம் ஆபீஸ் கிளார்க்கிடம் கேட்டேன்.

"ஊருக்குப் போய் மாடு மேய்க்கலாம். அதுக்கு டெஸ்ட் கெடையாது" என்றான்.

அன்று சாயங்காலமே அறையில் சண்டை ஆரம்பித்தது.

"தண்டால் எடுல. நெஞ்சு விரிஞ்சாத்தான இதயத்துக்கு எடம் கெடைக்கும்" என்றான் பேச்சிமுத்து.

"அது என்னா குடும்பம் நடத்தப் போவுதா, எடம் பத்தலன்றதுக்கு?" என்றேன் நான்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்கப்பா. ஸ்கிப்பிங் பண்ணு குரு. பாக்ஸிங் ஆளுங்க எல்லாம் அதுதான் பண்றாங்க" என்றான் முனிராஜு. (அவனுக்கு எல்லாரும் 'குரு'தான்.)

நான் தோப்புக்கரணக் கட்சி. பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் பாடம் படித்த நேரமெல்லாம் நான் அதைத்தான் போட்டேன். அனுபவம் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் போட்டி. அவரவர் பயிற்சியை அவரவர் மூச்சு வாங்கும் வரை செய்ய வேண்டும். பிறகு மற்றவர்கள் மணிக்கட்டைப் பிடித்து, யாருக்கு முதலில் துடிப்பு அடங்குகிறது என்று பார்ப்பார்கள். எனக்கு முதலில் அடங்கியது. அடுத்தது பேச்சிமுத்து. முனிராஜுவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம், உட்கார்ந்தோம், அது அடங்கவே இல்லை. பையில் போட்ட கோழிக்குஞ்சு மாதிரி உள்ளே உதைத்துக்கொண்டே இருந்தது. உதடு வேறு வெளுத்திருந்தது.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"பாத்தியா ஒன் பாக்ஸிங்க!" என்றான் பேச்சிமுத்து.

"ஆமா குரு, ஸ்கிப்பிங் சரியில்ல" என்று முனிராஜு கயிற்றைச் சுருட்டி மூலையில் எறிந்தான்.

தீர்ப்பு எழுதியாகிவிட்டது: இதயத்துக்கு உகந்தது தோப்புக்கரணம். மூன்று ஆட்கள் மூன்று பயிற்சி செய்தால் பயிற்சியைத்தான் சோதித்தோமா, ஆளைச் சோதித்தோமா? ஒரே ஆள் மூன்றையும் செய்து பார்த்திருக்க வேண்டாமா? அந்த மாடியில் மூன்று தலைகள் இருந்தன. ஒன்றிலும் இது உதிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க மூவரும் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தோம். டெஸ்டுக்கு முதல்நாள் இன்னும் அதிகம். மறுநாள் காலையில் கக்கூசில் உட்கார்ந்த என்னால் எழுந்திருக்க முடியவில்லை. தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. பேச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வந்து இழுத்துவிட்டான். (கண்ணை மூடியதாக அவன்தான் சொல்கிறான்.)

மூன்று பேரும் காலை அகட்டி அகட்டி வாத்து மாதிரி கேட்டுக்குள் போனோம். வாட்ச்மேன் பார்த்துவிட்டு, "என்னாடா, மூணு பேருக்கும் ஒரே எடத்துலயா கட்டி?" என்று கேட்டார்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, ஏறச் சொன்னார். ஏறிவிட்டேன். இறங்கும்போது கால் மடங்கியது. பிடித்துக்கொள்ள வாகாக டாக்டரின் கழுத்துக் குழாய் தொங்கியது. அதைப் பிடித்தேன். நான், டாக்டர், ஸ்டூல், ஸ்டூலின் மேலிருந்த பிரஷர் பார்க்கும் பெட்டி, எல்லாரும் சேர்ந்து தரைக்கு வந்தோம்.

பக்கத்தில் நின்றிருந்த பர்சனல் ஆபீசருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எந்த ஊருய்யா நீ?"

"கல்லாவி சார்."

"கல்லாவில எல்லாரும் இப்படித்தான் எறங்குவீங்களா? போய்யா. கால் சரியானதும் வா."

பேச்சிமுத்து முதல் படியிலேயே "எம்மா" என்று கத்தியதால் அவனுக்கும் அதே உத்தரவு. அந்த டெஸ்ட் அறையில் எங்களைப் பார்த்து அதிகம் சிரித்தவன் முனிராஜுதான். சிரிப்பு அடங்குவதற்குள் டாக்டர் அவன் நெஞ்சில் குழாயை வைத்தார். எடுக்கவில்லை. முதுகில் வைத்தார். மறுபடி நெஞ்சில் வைத்தார்.

"சின்ன வயசுல மூட்டு வீங்கி காய்ச்சல் வந்துச்சா?"

"வந்துச்சு சார். போயிடுச்சு."

"போகலப்பா. இதயத்துல ஒரு வால்வைக் கெடுத்துட்டு உக்காந்திருக்கு. நீ ஏற வேணாம்."

"ஒரே வாட்டி ஏறிக் காட்றன் சார்."

"வேணாம்னு சொல்றேன்."

அவன் ஏறிவிட்டான். எங்களுக்கு இருந்த அதே தொடை வலி அவனுக்கும் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பெட்டியின் தாளம் ஒன்றுகூடத் தவறாமல் ஏறினான், இறங்கினான், ஏறினான். "பாருங்க சார், பாருங்க சார்" என்றான். உதடு நீலமாகிவிட்டது. டாக்டரும் நானும் சேர்ந்துதான் பிடித்து இறக்கினோம்.

நாங்கள் இரண்டு பேரும் பிறகு போய்த் தேறினோம். முனிராஜுவைக் கேஷுவலிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள். அத்தனை வருஷம் அந்த நெஞ்சோடுதான் அவன் உங்கள் இரும்பைச் சுமந்தான், அப்போது எவனாவது குழாய் வைத்துக் கேட்டீர்களா என்று பர்சனல் ஆபீசரிடம் கத்தினேன். "ரூல்ஸ்" என்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

முனிராஜு குருபரப்பள்ளியில் ரோட்டோரம் பெட்டிக்கடை போட்டான். மிச்சமிருந்த கேழ்வரகுக் காட்டை விற்றுப் பெங்களூரில் ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்தான், பாரம் தூக்கக் கூடாது.

என் மகள் கல்யாணப் பந்தியில் இந்தக் கதையை அவன்தான் எடுத்தான். நான் டாக்டரைக் கட்டிக்கொண்டு விழுந்ததை நடித்தே காட்டினான். சம்பந்தி வீட்டார் இலையில் சோற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"அப்ப நீங்க, மாமா?" என்று மருமகன் முனிராஜுவைக் கேட்டான். "பாஸா, பெயிலா?"

முனிராஜு கண நேரம் என்னைப் பார்த்தான்.

"நானா? அங்க கீழ விழாம ஏறி எறங்குனவன் நான் ஒருத்தன்தான், மாப்ள. பாஸு. உங்க மாமனாருதான் பெயிலு."

"ஆமாம்" என்றேன் நான்.

இன்றுவரை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள். பேரன்கூட, "தாத்தா பெயில், முனிராஜு தாத்தா பாஸ்" என்று கை தட்டுகிறான். நான் திருத்துவதில்லை.