வெனிலாவை நாக்கால் பிடிப்பவர்

சுத்த நாக்குக்காரர் என்றொரு இனம் உண்டு. ஆய்வுக்கூடம் எதற்கு, அவர் வாய் இருக்கிறதே! பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொடி எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்து, வாயில் நுழையாத பெயர் ஒன்று வந்ததும் "பாத்தியா, கெமிக்கல்" என்று வெற்றியோடு நிமிர்ந்து, பிறகு அதே பிஸ்கட்டில் ஆறு தின்பார்.

இப்படிப்பட்ட ஒருவரின் மைத்துனி புதிதாகக் கேக் கடை போட்டாள். பக்கத்துப் பள்ளி கேன்டீனுக்கு வாராவாரம் கேக் கொடுக்கும் ஆர்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அது தவறினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். தலைமையாசிரியை ருசி பார்க்க வந்த அன்று நம்மவரும் ஆஜர். ஒரு விள்ளல் போட்டுக் கண்ணை மூடினார்.

"எசன்ஸ். மரக்கூழ்லேர்ந்து எடுக்கறான், தெரியுமா?"

"எசன்ஸ்தான் மாமா, நான் மறைக்கலையே. வெனிலாக் காய்க்கு மணம் தர்ற வெனிலினும் இதுல இருக்கறதும் ஒண்ணுதான். கூட எத்தில் வெனிலின் கொஞ்சம் இருக்கு. மூணு மடங்கு தூக்கலா மணக்கும், அவ்வளவுதான்."

"எத்தில்னா சாராயத்துல இருக்கறதாச்சே."

தலைமையாசிரியை கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்துவிட்டார். பிள்ளைகள் தின்பதாயிற்றே! "அடுத்த வாரம் அசல் காய் போட்டுச் செய்யுங்க, பாக்கலாம்."

பாவம், அவள் நாலு இடம் அலைந்து, கறுத்துச் சுருங்கிய வெனிலாக் காய்களைத் தேடிப்பிடித்து, கீறி, விதை சுரண்டிப் போட்டுச் செய்தாள். மறுபடி வந்த தலைமையாசிரியை முன்னால் நம்மவர் மென்றார். முகத்தைச் சுளித்தார்.

"வெனிலா வாசனையே இல்லையே. உன்னை யாரோ நல்லா ஏமாத்திட்டாங்கம்மா."

ஏன் அப்படிச் சொல்ல மாட்டார்? சின்ன வயதிலிருந்து அவர் நக்கிய ஐஸ்கிரீம் அத்தனையிலும் அந்த எத்தில்தான். அசலை அவர் நாக்கு கண்டதே இல்லை. தலைமையாசிரியை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மைத்துனி உள்ளே ஓடினாள். கடை விற்பனைக்கென்று செய்து வைத்திருந்த எசன்ஸ் கேக்கில் ஒரு துண்டு வெட்டி வந்தாள். "இது வேற காய் மாமா, சாப்பிட்டுப் பாருங்க."

"இது இயற்கை" என்றார் அவர். ஆர்டரும் கிடைத்தது.

கலப்படத்தை ஒழிக்கக் கிளம்பிய மகானுபாவர் சாதித்தது இவ்வளவுதான்: உள்ளதைச் சொல்லி விற்றவளை வாராவாரம் பொய் சொல்ல வைத்தார். அவள் கூனிக் குறுகுகிறாள். அவரோ, தான்தான் அவளைத் திருத்தியதாகப் போகிற வீடெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். வெனிலா என்று படித்ததுமே உங்கள் மூக்கில் ஒரு மணம் வந்து போனதே, அது காயின் மணமா, புட்டியின் மணமா? யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை.