மயக்கத்தில் எடுத்த குறிப்பு

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கு உன்னையும் சேர்த்து எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு உட்கார்ந்துகொள். அல்லது உட்கார்ந்துகொண்டு படி. எது சரி என்று எனக்கே தெரியவில்லை.

மலத்தோடு ரத்தம் போவதை மூலம் என்று நானே தீர்மானித்து மூன்று மாதம் களிம்பு தடவிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது. உன் அக்காவுக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். அவள் ஒருநாள் அந்தக் களிம்பைப் பற்பசைக்குப் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துவிட்டு, "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்" என்றாள். அவர் விரலை விட்டுப் பார்த்தார், போதவில்லை போலிருக்கிறது, குழாய் விட்டுப் பெருங்குடல் முழுக்கப் பார்த்துவிடலாம் என்றார். அதற்கு முந்தின நாள் குடலைக் கழுவ இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர். குடித்தபின் நான் எங்கே இருந்தேன் என்று கேட்காதே. உன் அக்கா கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இருக்கிறேனா என்று விசாரித்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் முதுகுப் பக்கம் திறந்த அங்கியோடு ஒருக்களித்துப் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். அடுத்து எனக்கு நினைவிருப்பது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியது. நடுவில் இரண்டு மணி நேரத்தைக் காணோம்.

அந்த இரண்டு மணி நேரத்தில்தான் டாக்டர் முடிவைச் சொல்லியிருக்கிறார். உன் அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, பேனா வாங்கி, அவர் சொன்னதையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுத்தேனாம். சார் ரொம்பத் தெளிவாக இருக்கிறார் என்று நர்ஸ் பாராட்டினாளாம். முப்பத்து நாலு வருஷம் நீதிமன்றத்தில் ஊரார் வாக்குமூலத்தை ஒரு எழுத்து விடாமல் எடுத்தவன், இப்போது என் தலையெழுத்தை நானே எழுதி வைத்துக்கொண்டு படிக்கத் தெரியாமல் முழிக்கிறேன். கோழி கிண்டின மாதிரி இருக்கிறது. புரிவது இரண்டே சொல், 'ஆறு மாதம்'. ஆறு மாதம் என்ன? ஆறு மாதம் கழித்து வா என்றாரா, ஆறு மாதம்தான் என்றாரா?

டாக்டரிடமே கேட்கலாமே என்பாய். நீதிபதியிடமே 'மறுபடி சொல்லுங்க' என்று கேட்காதவன் நான். உன் அக்கா அன்றைக்கே கேட்டாள், எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லித் தொலைத்தேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. மாறாக, கேட்காமலே இரண்டாவது காபி வருகிறது. மகன் எதுவும் தேவைப்படாமல் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டான். இந்தப் பதினோரு நாளாக யாரும் என்னைத் திட்டவில்லை. பயமாக இருக்கிறது மச்சான்.

இருபது வருஷம் என் சுருக்கெழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தவன் நீ. உலகத்தில் வேறு யாருக்கும் என் கிறுக்கல் புரியாது. பதில் எழுதாதே, அக்கா பிரித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதுபோல் வா, மொட்டைமாடியில் வைத்துச் சொல். உன்னைப் பற்றி நான் மனதால்கூட ஒரு குறை நினைத்ததில்லை என்பது உனக்கே தெரியும்.

தங்கச்சிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசி, எல்லோருக்கும் நல்ல ஜீரணம் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறை தேடிப் போய்விட்டுத் திரும்பினால், உன் அக்கா அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிகூடப் போடாமல் கடகடவென்று வாசிக்கிறாள். சின்னதாக இரண்டு சதை வளர்ச்சி, எடுத்தாயிற்று. ரத்தம் மூலத்தால்தான். ஆறு மாதம் காய்கறி, பழம், நிறையத் தண்ணீர், முக்கக் கூடாது. எடுத்த சதையின் சோதனை முடிவையும் போன வாரமே போனில் கேட்டுவிட்டாளாம், பயப்பட ஒன்றுமில்லையாம். நீயும் அவளும் ஒரே இடத்தில் சுருக்கெழுத்து படித்தீர்களாமே, அவள்தான் முதலாவதாமே, நீ ஏன் வாயைத் திறக்கவில்லை? இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். "இந்தப் பதினோரு நாள்தான் நீங்க குறை சொல்லாம சாப்பிட்டீங்க. எனக்கும் நல்லா இருந்துச்சு" என்றாள்.

சந்தோஷமாக உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவள் படிக்கக் கூடாதென்றுதானே கல்யாணமான நாளிலிருந்து டைரியைச் சுருக்கெழுத்தில் எழுதி வருகிறேன்? எல்லாம் அந்தந்த வருஷமே படித்தாயிற்றாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, உன்னைப் பற்றிய பக்கங்களை மட்டும் உனக்கு வாசித்துக் காட்டப் போகிறாளாம். தயவுசெய்து வராதே.