கன்னத்தில் பச்சைக் கோடு

இறந்தவரின் கன்னத்தில் குறுக்காக ஒரு பச்சைக் கோடு ஓடியது. ஸ்டுடியோக்காரர் மவுஸால் அதைத் தேய்த்து அழித்தார். உடனே மீசையில் இரண்டு கோடுகள் முளைத்தன.

வாசல் பெஞ்சில் இறந்தவரின் மனைவி விடாமல் அழுதுகொண்டிருந்தார். பக்கத்திலிருந்த மகள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"முடிஞ்சுதாண்ணே? படம் எங்க, படம் எங்கன்னு சொந்தக்காரங்க பிடுங்கறாங்க. கூடத்துல பெரிசா மாட்டணுமாம்."

"இதோ ஆச்சும்மா!"

ஆகவில்லை. போன மனிதருக்கு இருந்ததே இந்த ஒரு படம்தான். மெமரி கார்டில் வருவதை நகல் எடுக்காமல், கட் செய்து கம்ப்யூட்டருக்குள் போட்டுக்கொள்வது ஸ்டுடியோக்காரரின் கெட்ட பழக்கம். கார்டு இப்போது காலி. இதுவும் கெட்டால் அந்த மனிதர் இரண்டாவது தடவை போன மாதிரிதான்.

திரைக்குப் படத்தை அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு மந்தமாக இருப்பதால்தான் கோடு விழுகிறது என்று அவராகவே முடிவு கட்டினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, செட்டிங்கில் நுழைந்து, கார்டுக்கு டேட்டா போகும் வேகத்தை நாலிலிருந்து எட்டாக்கினார். அவ்வளவுதான், முகம் முழுக்கக் கோடு. ஒவ்வொன்றாக அழித்தார். மெஷின் நின்றுவிடுமோ என்ற பயத்தில் அழிக்க அழிக்க அதே படத்தின் மேலேயே சேமித்தார். வெளியே அழுகை ஏற ஏற, உள்ளே அவர் இன்னும் வேகமாக அழித்தார்.

கடைசியில் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டார். எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"எட்டா? யாரைக் கேட்டு வெச்சீங்க? அது பழைய கார்டு சார். கம்ப்யூட்டர் போர்டுல இருக்கற கடிகாரம் ஒரு தடவை துடிச்சா, நாலு தடவைதான் அதால டேட்டா வாங்க முடியும். வேகம் பத்தலன்னு நேத்தே துடிப்பை வேற ஏத்தச் சொன்னீங்க. ஒண்ணை வாங்கறதுக்குள்ள அடுத்தது வந்து விழுந்தா, திரையில கோடுதான் வரும்."

"அழிச்சாலும் போக மாட்டேங்குதே!"

"படத்துல இருந்தாத்தானே போகும்? வர்ற வழியில விழுற கோடு அது. படம் சுத்தமா இருக்கு."

"அப்போ இவ்வளவு நேரம் நான் அழிச்சது?"



"முகத்தை" என்றார் மெக்கானிக்.

மெக்கானிக் சொன்னபடி துடிப்பை இறக்கி, எட்டை நாலாக்கியதும் திரை பளிச்சென்று தெளிந்தது. மீசை இல்லை. புருவம் பாதி இல்லை. நெற்றிச் சுருக்கமும் முறைப்பும் போய், யாரென்றே தெரியாத ஒரு சாது உட்கார்ந்திருந்தார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"மன்னிச்சிடுங்கம்மா. படத்தைக் கெடுத்துட்டேன். திருப்பி எடுக்க வழியே இல்ல."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அழுகை நின்றது.

"இதையே பெரிசா போட்டுக் குடுங்க."

"அவர் மாதிரியே இல்லையேம்மா!"

மகள் ஸ்டுடியோக்காரர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த மூஞ்சி இனிமே சுவத்துலேர்ந்தும் முறைக்குமேன்னுதாண்ணே அம்மா காலையிலேர்ந்து அழுதாங்க."