பெத்தணன் குழைத்த மருதாணி

இந்தத் தடவை மாமியார் வீட்டு விசேஷத்துக்கு முகூர்த்தத்தன்றைக்குத்தான் போவது என்று பெத்தணன் சபதம் எடுத்தான். மனசுக்குள்தான் எடுத்தான். பொண்டாட்டி வீட்டில் இருக்கும்போது எவன் சத்தமாகச் சபதம் எடுப்பான்?

காரணம் இல்லாமல் இல்லை. ஏழாயிரம்பண்ணையில் மாமியார் வீட்டுக்கு எப்போது போனாலும் முதலில் காபி கொடுப்பார்கள். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் வெங்காய மூட்டையை உரிக்கக் கொடுத்துவிடுவார்கள். கடைசியாக நடந்த காதுகுத்தில், காது குத்தின பிள்ளையைவிட அவன்தான் அதிகமாக அழுதான். இப்போது மச்சினனுக்குக் கல்யாணம். தீபாவளி முடிந்து நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிகள் அடைத்துக் கிடந்த நேரம். லீவு கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

அவன் மனைவி பொன்னுத்தங்கமும் கம்பெனிக்குப் போகிறவள்தான். வருஷம் பூராவும் அலுமினியப் பவுடர் அப்பி, அவள் உள்ளங்கை வெள்ளிக் கிண்ணம் மாதிரி மின்னும். தம்பி கல்யாணத்துக்காவது கை சிவக்கட்டும் என்று கடையில் மருதாணிக் கோன் வாங்கக் கிளம்பினாள். பெத்தணனுக்குப் புத்தியில் திரி பற்றிக்கொண்டது.

கடைக் கோன் நாலு பாத்திரம் கழுவினால் போய்விடும், நானே குழைத்துத் தருகிறேன், பொங்கல் வரைக்கும் நிற்கும் என்றான். ஆனால் சில கண்டிஷன் உண்டு. தூளை ராத்திரி பூரா ஊறவைக்கணும். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முந்தி வைத்தால்தான் சரியான நேரத்தில் நிறம் ஏறி நிற்கும். வைத்த பிறகு விடியும்வரை கழுவக் கூடாது. மறுநாளும் தண்ணி படக் கூடாது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கவே கூடாது.

“அப்ப அம்மா வீட்டுக்கு எப்ப போக?”

“நேரா முகூர்த்தத்துக்குப் போயிருவோம்.”

பொன்னுத்தங்கம் கோனுக்கு எடுத்த காசைத் திரும்ப முந்தியில் முடிந்தாள். “சரிங்க. கொழைக்கிறதுதான் கொழைக்கீக, கொஞ்சம் கூடவே கொழைங்க” என்றாள்.

ஏன் என்று அவன் கேட்கவில்லை. ஜெயித்தவன் கேள்வி கேட்பதில்லை.

காய்ந்த இலையை இடித்து வேட்டித் துணியில் சலித்தான். எலுமிச்சம்பழம் பிழிந்தான், சீனி போட்டான், நீலகிரித் தைலம் சொட்டினான். மறுநாள் காலையில் விழுது மேலே கருத்து நின்றதைப் பார்த்தபோது மீசை தானாக மேலே ஏறியது. வெடிக் குழாய் உருட்டிப் பழகிய கை, கோன்களைச் சும்மா சீட்டியடித்துக்கொண்டே உருட்டித் தள்ளியது.

மத்தியானம் வாசலில் கம்பெனி வேன் ஒன்று வந்து நின்றது. முதலில் மாமியார் ராமுத்தாய் இறங்கினாள். அப்புறம் கொழுந்தியாள் மாரிசெல்வி. அப்புறம் சின்னம்மா, பெரியம்மா, அத்தை, அத்தைக்கு ஒரு அத்தை. சீசன் நேரத்தில் ஆள் ஏற்றுகிற மாதிரி ஏற்றி வந்திருந்தார்கள்.

பெத்தணன் மனைவியைப் பார்த்தான்.

“நாமதான் போக முடியாதுல்ல” என்றாள் பொன்னுத்தங்கம். “அதான் அவுகள வரச் சொல்லிட்டேன்.”

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் மனுஷர்கள் இந்த வீடு நிறைய உட்கார்ந்ததே இல்லை. கூப்பிடலாம் என்று அவள் சொல்லும்போதெல்லாம் பெத்தணனுக்கு எங்கிருந்தாவது ஒரு வேலை வந்துவிடும். இன்றைக்கு வர ஒரு வேலையும் இல்லை.

அக்காளும் தங்கச்சியும் மாறி மாறிக் கோன் பிடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் வீடு முழுக்க விரித்த கைகள். கைகளில் சாயம் ஏறிக்கொண்டிருந்தது. பெத்தணனுக்குச் சாயம் வெளுத்துக்கொண்டிருந்தது.

“தண்ணி படக் கூடாதுன்னு சொன்னீகளாமே மாப்ளே” என்றாள் ராமுத்தாய். “அப்ப உலை யாரு வைக்கிறது?”

அவன்தான் வைத்தான். வெங்காயமும் அவன்தான் உரித்தான். உட்கார்ந்திருந்த வாய் ஒவ்வொன்றுக்கும் சோற்றை உருட்டிக் கொடுத்தான். பெரியம்மாவுக்குக் கொசு விரட்டினான். அத்தையின் அத்தைக்கு மூக்கு அரித்தது, அதையும் கவனித்தான். மாமியாருக்கு வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி வாயில் வைத்தபோது, “பெத்த மகன்கூட இப்படிப் பாத்ததில்ல” என்று அவள் கண் கலங்கினாள். மறுநாளும் அதே உபசாரம். தண்ணி படக் கூடாதே.

முகூர்த்தத்தன்றைக்கு மண்டபத்தில் வேறு பேச்சே இல்லை. பொண்ணுக்குக்கூட அப்படிச் சிவக்கவில்லை. பொன்னுத்தங்கம் கையை ஆட்டி ஆட்டித்தான் பேசினாள். பேச்சு இல்லாதபோதும் ஆட்டினாள். புருஷன் பாசமாக இருந்தால்தான் இப்படிப் பிடிக்கும் என்றார்கள் பொண்ணு வீட்டுக்காரர்கள். பெத்தணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். பட்ட பாடெல்லாம் மறந்தே போனது. வெங்காயம் இல்லாத கல்யாணம், வேலை இல்லாத பந்தி. கடைசியில் சபதம் ஜெயித்துத்தானே விட்டது என்று பாயாசத்தை உறிஞ்சினான்.

ராமுத்தாய் சிவந்த கையால் அவன் இலையில் இன்னொரு கரண்டி பாயாசம் ஊற்றினாள்.

“இனிமே நல்ல நாளு பெரிய நாளுன்னு நீக எங்க வீட்டுக்கு வந்து சிரமப்பட வேண்டாம் மாப்ளே. நாங்களே வந்துருதோம்.”