சௌகத் அலி தொட்டி புகு படலம்

தோலைத் தடவிப் பார்த்தே ஆடு மேய்ந்த ஊரைச் சொல்லும் விரல் வேந்தர், அத்தர் பூசியும் தோல் மண்டி வாடை அகலாத அகன்ற மார்பினர், பேகம்பூர்த் தோல் வணிகர் சௌகத் அலி வாழ்க. அன்னார் குளிக்கப் போன கதையைச் சொல்லப் புகுகின்றோம், அவையோர் பொறுத்தருள்க. காவியம் என்றால் முதலில் ஆற்று வளம் பாடி, வெள்ளம் சந்தனக் கட்டைகளை உருட்டி வந்த சிறப்பை விரிப்பது மரபு. இது திண்டுக்கல், அதிலும் கோடை. ஆகவே அந்தப் படலத்தை அப்படியே விட்டுவிட்டு நாயகரின் ஏக்கத்துக்குப் போவோம்.

முன்னொரு நாள் வியாபார நிமித்தமாகச் சென்னை சென்ற சௌகத் அலி, ஒரு பெரிய மனிதர் வீட்டில் விருந்தாளியாகத் தங்கி, அங்கிருந்த வெள்ளைத் தொட்டியில் கழுத்தளவு நீரில் கால் நீட்டிப் படுத்தார். படுத்தவருக்கு அழுகையே வந்துவிட்டது. பிறந்தது முதல் கொல்லையில் கீற்றுத் தட்டி மறைவில் குந்திக் குளித்தவர். தலையில் சீயக்காய் இருக்கும்போதே “அத்தா, மண்டியில இருந்து ஆள் வந்திருக்கு” என்று பிள்ளை கூப்பிடும் குரல் கேட்டு அரைகுறையாக எழுந்து ஓடியவர். கண் மூடுவதற்குள் சொந்த வீட்டில் ஒரே ஒரு நாளாவது அப்படிப் படுத்துவிட வேண்டும் என்று அன்றே வஞ்சினம் கூறினார். அது அவர் மனத்தில் முள்ளாகவே கிடந்தது.

அவ்வஞ்சினம் முடிக்க வந்த தேர்ப்பாகர் கன்னிவாடிப் பொம்மையன். கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் அட்டையாலும் சாக்குத் துணியாலும் அரண்மனைகள் எழுப்பிய கைகாரர். ஊர் திரும்பியதும் வசதியான வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து தருபவர் என்று தம்மைத் தாமே அறிவித்துக்கொண்டவர். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே, தொட்டிக்கென ஒதுக்கிய கொல்லையறைக்குள் எழுந்தருளி, இரு கைவிரல்களையும் சட்டம்போல் கூட்டி அதன் வழியே நான்கு சுவர்களையும் அளந்து, பின்பு திருவாய் மலர்ந்தார்.

“பாய், அன்னப்பறவை மாதிரி ஒரு தொட்டி. கழுத்து இம்புட்டு வளைஞ்சு நிக்கும். நீங்க அது முதுகுல சாஞ்சு படுத்துருப்பீக.”

உயிருள்ளதன் உருவம் இந்த வீட்டுக்குள் ஆகாது என்று கதவுக்குப் பின்னிருந்து இல்லத்தரசி தாஹிரா முழங்க, அன்னத்தின் பொருட்டுப் பெரும்போர் மூண்டது. நாயகர் இரு படைக்கும் நடுவே மத்தளமாக நின்றார். பொம்மையன் முதலில் அலகை விட்டுக்கொடுத்தார், பின்பு கண்களை, கடைசியில் மனம் நொந்து தலையையே விட்டுக்கொடுத்தார்.

“தலையில்லாத கோழிக்குள்ளயா இவுக குளிப்பாக?” என்றார் தாஹிரா.

அந்த ஒரே கணையில் அன்னம் வீழ்ந்தது. அது வீழ்ந்த இடத்தில் தாமரை பூத்தது. சிமெண்டு மூட்டைகள் கூடத்தை முற்றுகையிட, மொசைக் தேய்க்கும் கல்லின் ஓசை தொழுகைப் பாயிலும் சோற்றுத் தட்டிலும் ஒருங்கே புகுந்து செவிகளைச் சூறையாட, நெய்ச்சோற்றிலிருந்து தலையணை உறைவரை யாவற்றையும் வெண்புழுதி ஆட்சி செய்ய, வீட்டார் அனைவரும் தும்மலையே மொழியாகக் கொண்டு வாழ்ந்த அந்த நெடும்போரின் முடிவில், ரோஜா நிறத்தில், இதழ் இதழாக விரிந்து, ஆள் ஒருவர் தாராளமாகப் படுக்கும்படி எழுந்து நின்றது தாமரைத் தொட்டி. சௌகத் அலி அதை மெல்லத் தடவிப் பார்த்தார். ஆட்டுத்தோலை அவர் அத்தனை அன்பாகத் தடவியதே இல்லை.

தெருக்குழாய் மனமிரங்கிய ஒரு காலையில், தாஹிராவும் வேலைக்கார மூக்காயியும் குடம் குடமாகச் சுமந்து ஊற்ற, தாமரை விளிம்புவரை நிரம்பித் தளும்பியது. இடையில் கைலியும் தோளில் துவாலையும் கையில் சந்தன சோப்பும் தரித்து, தலைவாசலைத் தாழிடச் சொல்லி, மண்டி ஆள் எவன் வந்தாலும் தாம் ஊரிலேயே இல்லை என்று சொல்லுமாறு ஆணையிட்டு, வாழ்நாள் ஏக்கம் யாவையும் வலக்காலில் திரட்டி, நாயகர் அக்காலை இதழுக்கு மேல் தூக்கினார்.

“செத்த நேரம் பொறுங்க. குளிச்ச தண்ணி எந்தப் பக்கம் போகும்?” என்றார் தாஹிரா.

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. தம் படைப்பின் பெருமையைக் காண வந்து வாசலில் நின்ற பொம்மையனை எல்லோரும் நோக்கினர்.

“தண்ணி எங்கம்மா போகும்? நாங்க கட்டுன தொட்டி எதுலயும் ஓட்டை வச்சதில்ல. குளிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்த சீன் வந்துரும்,” என்றார் அவர் அமைதியாக.

உளியைக் கொண்டுவா, இப்போதே ஓட்டை போடு என்று சௌகத் அலி கர்ஜித்தார். தாஹிராவோ குனிந்தார், தொட்டியின் அடிப்பாகத்தைச் சுற்றிலும் கையால் துழாவினார், ஒரு சொட்டு ஈரமில்லை. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோட்டையைப் பிடித்தவரின் ஒளி இருந்தது.

“உளி கிளின்னு யாரும் கிட்ட வரப்படாது. மூக்காயி, பலகையக் கொண்டா, மூடிருவோம். ஒரு வாரத்துக்கு இனிக் குடத்தைத் தூக்கிக்கிட்டுத் தெருவுல நிக்க வேணாம்.”

“ஒரே ஒரு தடவை, தாஹிரா. இறங்கிட்டு உடனே ஏறிடுறேன்.”

“மண்டி ஒடம்போட நீங்க இறங்குனா, அப்பறம் அந்தத் தண்ணிய யாரு குடிக்கிறது?”

விரல் வேந்தர், விருந்தாளித் தொட்டியில் ஒருமுறை வானத்தைத் தொட்டு வந்த வீரர், தம் வீட்டுத் தாமரை பலகைக்கடியில் மறைவதை இமை கொட்டாமல் பார்த்தார். அவருக்கும் தாகம் எடுத்திருந்தது. தூக்கிய காலை இறக்கினார். போர் முடிந்தது.

அரை வாளித் தண்ணீரில் குளித்துவிட்டு மண்டிக்குப் போனார்.